மறதிநோயுற்ற முதியோரின் வாழ்வை அளப்பது எப்படி?

கொழுந்தின் எடையைத் தராசு காட்டும். மறதிநோயுற்ற முதியவர் நல்வாழ்வு வாழ்கின்றாரா என்பதை எதைக் கொண்டு அளப்பது? பிள்ளைகள் வெளியூரில் பிழைக்க, பெரியோர் வீட்டில் தங்கும் சோலூர் போன்ற மலையூர்களில் இக்கேள்வி பேரூராட்சி மன்றத்தாருக்கும் உரியதேயாகும்.

டிமென்ஷியா எனப்படும் இந்நோய் முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் பிணி. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 இலட்சம் மக்கள், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். நகரங்களைவிடக் கிராமங்களில் இவ்விகிதம் மிகுதி.

அமெரிக்க ஆய்வாளர் ரெபெக்கா லாக்ஸ்டனும் அவர்தம் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட அளவுகோல் உலகெங்கும் கையாளப்படுகிறது. அதில் 13 இனங்கள் உள்ளன: உடல்நலம், சுறுசுறுப்பு, மனநிலை, வாழுமிடம், நினைவாற்றல், குடும்பம், மணவாழ்வு, நட்பு, தம்மைப் பற்றிய எண்ணம், வீட்டு வேலை செய்யும் திறன், பொழுதுபோக்கு, பணம், மொத்த வாழ்க்கை. மோசம் எனில் 1, சுமார் எனில் 2, நன்று எனில் 3, மிக நன்று எனில் 4 மதிப்பெண். ஆகவே மொத்தம் 13 முதல் 52 வரை அமையும். நினைவாற்றல் பதின்மூன்றில் ஒன்றே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இக்கேள்விகள் முதியவரிடமும் அவரைப் பேணுபவரிடமும் தனித்தனியே கேட்கப்படும். முதியவர் 34 என்றும் மருமகள் 25 என்றும் மதிப்பதாகக் கொள்வோம். முதியவரின் எண்ணை இரட்டித்து, மருமகளின் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் 31 வரும். நோயுற்றவரின் சொல்லுக்கே இருமடங்கு மதிப்பு! பேணுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்பதும் ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது.

கேரட் தோட்டத்தில் களையெடுத்து வந்த பெரியவர் வழி தவறுவாரென்று அஞ்சி அவரை அறையில் அடைத்தால், ஆபத்து நீங்கலாம். ஆனால் சுறுசுறுப்பு, மனநிலை, நட்பு, வேலைத்திறன் ஆகிய நான்கும் ஒருங்கே தாழும். துணைக்கு ஒருவருடன் தோட்டத்துக்கு அனுப்பினால் நினைவு திரும்பாது, வாழ்வு உயரும். மனச்சோர்வும் உடல்வலியும் சிகிச்சையால் தணியக்கூடியவை.

இவ்வளவுகோல் நோயைக் கண்டறியும் கருவியன்று. அதற்கு மருத்துவரையே நாட வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர் இல்லம் வரும்போது, மன்ற உறுப்பினர்கள் இத்தகைய முதியோர் உள்ள வீடுகளை அவர்க்குத் தெரிவிக்கலாம். பேணும் பெண்களுக்குச் சில மணி நேர ஓய்வு கிடைக்க அண்டை வீட்டாரைக் கொண்டு வகை செய்யலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, “தாத்தா, உங்கள் நாள் எப்படிப் போகிறது?” என்று அவரையே கேட்போமாக.