மிதிவண்டிச் சங்கிலியைப் பேணும் முறை

கெடாவின் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் பெருகிவிட்ட இந்நாளிலும் மிதிவண்டியை நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. பாரத்துடன் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கையில் சங்கிலி அறுந்தால், மிதிப்பவர் நிலைகுலைந்து விழுவார்.

“வாரந்தோறும் எண்ணெய் விடுகிறேனே ஐயா, பிறகு ஏன் தேய்கிறது?” என்று தொழிலாளர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அச்சங்கிலியைத் துடைத்த கந்தலை விரல்களால் தேய்த்துப் பார்த்தோம்; மணல் நறநறத்தது. எண்ணெயோடு செம்மண் கலந்தால் அது உரைகல்லாகிறது. சங்கிலிக்கு எண்ணெய் தேவைப்படுவது உள்ளே, ஊசிக்கும் உருளைக்கும் நடுவில்தான். வெளிப்புறத்து எண்ணெய் புழுதியைப் பிடித்துவைக்கவே பயன்படுகிறது. ஆதலால் அழுக்கை நீக்காமல் எண்ணெய் விடுதல் கூடாது. பால் உறையச் சேர்க்கும் அமிலம் பட்டிருப்பின், அன்றே நீரால் கழுவி உலர்த்துக. தாமதித்தால் துரு முந்திக்கொள்ளும்.

கழுவுவதற்குச் சிறிது மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு பரவி அடுப்படி வரை சென்று தீப்பற்றும். மண்ணெண்ணெயையும் வீட்டுக்கு வெளியே, நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்திலேயே கையாளுதல் வேண்டும். கழுவிய அழுக்கை வாய்க்காலில் ஊற்றலாகாது.

சங்கிலியைத் துடைத்து நன்கு காயவிடுக. மண்ணெண்ணெய் எஞ்சியிருந்தால் புதிய எண்ணெயைக் கரைத்துவிடும். பின்னர் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, மிதியைப் பலமுறை சுற்றி, வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுக. எண்ணெயைத் துடைப்பது வீண் என்று தோன்றும். உள்ளே சென்றது உள்ளேயே இருக்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயில் கரியும் இரும்புத் துகளும் உள்ளன. சக்கரம் சுழலும்போது பற்சக்கரத்தருகே துணியையோ விரலையோ கொண்டுசெல்லக் கூடாது. பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள்.

தேய்மானத்தை அறியப் பிள்ளைகளின் பள்ளி அளவுகோலே போதும். சங்கிலியை இழுத்துப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து அடுத்துவரும் 20ஆம் ஊசியின் நடுவரை அளந்திடுக. புதிய சங்கிலியில் இது 254 மில்லிமீட்டர். 257ஐ எட்டினால் மாற்ற வேண்டியதுதான். பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுக. இல்லையேல் புதுச் சங்கிலியும் அதன்மேல் வழுக்கும்.