அழித்தாலும் திரும்பி வரும் ரூட்

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானால் போதும், திருத்தங்கல், சிவகாசி அச்சகங்களுக்குப் பொங்கல் வரை மூச்சுவிட நேரமிருக்காது. பில், ஸ்டாக், டிசைன் கோப்பு எல்லாமே க்ளவுட் சர்வரில் இருக்கும் காலம் இது. அந்த நேரம் பார்த்து சர்வர் அலுவலகக் கணினியோடு பேச மறுக்கும். பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிளை யாராவது திறப்பார். தான் போடாத ஒரு ரூட் கண்ணில் படும். உடனே அழித்துவிடுவார். இந்த அவசரத்துக்குப் பின்னால் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன.

"நான் போடாத ரூட் என்றால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்."

பெரும்பாலும் இல்லை. லினக்ஸ் சர்வரில் 'ஐபி ரூட்' கட்டளை தரும் பட்டியலில், பல வரிகளில் 'புரோட்டோ' என்ற சொல் இருக்கும். அதை அடுத்து 'கெர்னல்' என்றிருந்தால், நெட்வொர்க் கார்டுக்கு முகவரி கொடுத்தபோது தானாக வந்த ரூட். 'டிஹெச்சிபி' என்றிருந்தால், க்ளவுட் நிறுவனத்தின் நெட்வொர்க் கொடுத்தது. டாக்கர்0 என்ற பெயர் தெரிந்தால் டாக்கர் மென்பொருள் போட்டது. விர்பிஆர்0 என்றால் லிப்விர்ட் மென்பொருள் போட்டது. போட்டது யாரென்று பட்டியலே சொல்லிவிடுகிறது.

"மெட்ரிக் எண் குறைவாக உள்ள ரூட்தான் ஜெயிக்கும்."

அதிகம் பேரைத் திசைதிருப்பும் நம்பிக்கை இதுதான். முதலில் பார்க்கப்படுவது, எந்த ரூட் முகவரியைக் கூடுதல் துல்லியமாகக் குறிக்கிறது என்பது. துல்லியம் சமமாக இருந்தால்தான் மெட்ரிக்குக்கு வேலை. லாரி ஆபீஸில் 'விருதுநகர் மாவட்டம்' என்று ஒரு வண்டியும் 'திருத்தங்கல்' என்று ஒரு வண்டியும் நின்றால், திருத்தங்கல் பார்சல் எதில் ஏறும் என்பது வாடகையை விசாரிப்பதற்கு முன்பே முடிவாகிவிடும்.

உலகமே இதை ஒருமுறை பார்த்தது. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற ரூட்டை அறிவித்தது. அது வெளியுலகுக்கும் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 208.65.152.0/22. சிறிய வட்டத்தைக் குறித்த பாகிஸ்தான் ரூட்டே துல்லியமானது என்பதால், ஏறக்குறைய 2 மணி நேரம் யூடியூபுக்கான போக்குவரத்து அங்கே போய் நின்றது.

அதே விதிதான் நம் அச்சகத்தின் சர்வரிலும் வேலை செய்கிறது. அலுவலக நெட்வொர்க் 172.17 என்று தொடங்குகிறது, சர்வரிலிருந்து விபிஎன் வழியாக அதற்குப் போக வேண்டும் என்று வையுங்கள். சர்வரில் டாக்கரை நிறுவியதும் 172.17.0.0/16 என்ற ரூட் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அலுவலகத்துக்கான பாக்கெட் அதுவரை போய்க்கொண்டிருந்த டிஃபால்ட் ரூட்டைவிட அது துல்லியமானது. இணையம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்யும், அலுவலகம் மட்டும் கிடைக்காது. 'லிங்க்டவுன்' என்று எழுதியிருந்தாலும் அந்த ரூட் செத்துவிடவில்லை. லினக்ஸின் இயல்பான அமைப்பில் அது தொடர்ந்து பாக்கெட்டுகளை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். பாவம், பழி பிராட்பேண்ட்காரர் மேல் விழும். 'ஐபி ரூட் கெட்' கட்டளையோடு அலுவலகக் கணினியின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பாக்கெட் எந்த வழியில் போகிறது என்று ஒரே வரியில் பதில் வரும்.

"க்ளவுட் கன்சோலில் ரூட் சரியாக இருக்கிறது, ஆகவே சர்வரிலும் சரிதான்."

இரண்டும் வெவ்வேறு டேபிள்கள். சர்வரை விட்டு வெளியே வந்த பாக்கெட்டுக்குத்தான் கன்சோலில் உள்ள டேபிள் வழி சொல்லும். டாக்கர் பக்கம் திரும்பிய பாக்கெட் வெளியே வருவதே இல்லை.

"169.254 ரூட் குப்பை, எடுத்துவிடலாம்."

அமேசான், அஷூர், கூகுள் மூன்றிலும் சர்வர் தன் விவரங்களைக் கேட்டு வாங்கும் முகவரி 169.254.169.254. எனவே இந்த வரிசையில் கைவைக்குமுன் எதை அழிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பழைய ரெட்ஹேட், சென்டோஸ் சர்வர்களில் 169.254.0.0/16 என்ற முழு ரூட்டை பூட் ஸ்கிரிப்டே சேர்த்துவிடும். ஓப்பன்ஸ்டாக் க்ளவுடில் அது உண்மையாகவே தொல்லை: கேட்வே வழியாகப் போக வேண்டிய கேள்வியை, பக்கத்திலேயே ஆள் இருப்பதாக நம்பி நேராக அனுப்பிவிடும். அங்கே நெட்வொர்க் கோப்பில் 'நோஜீரோகான்ஃப்' வரியை 'யெஸ்' ஆக்குவதுதான் மருந்து. ஆனால் டிஹெச்சிபி 169.254.169.254 என்ற ஒற்றை முகவரிக்கு மட்டும் ஒரு ரூட் கொடுத்திருந்தால், அதைத் தொடக் கூடாது.

"அழித்தாயிற்று, முடிந்தது."

'ஐபி ரூட் டெல்' அழிப்பது ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்தில் மட்டும். ரீபூட் ஆனதும், சில ரூட்கள் டிஹெச்சிபி புதுப்பிக்கும்போதும் திரும்பி வந்துவிடும். டாக்கர் ரூட் என்றால் டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் வேறு முகவரி வரிசையைக் கொடுத்து டாக்கரை மறுபடி தொடங்க வேண்டும். டிஹெச்சிபி ரூட் என்றால் நெட்வொர்க் கொடுக்கும் இடத்திலேயே மாற்ற வேண்டும்.

அதேசமயம், ரீபூட்டில் திரும்பி வருவது நல்லதற்கும் உதவும். எஸ்எஸ்ஹெச்சில் உட்கார்ந்துகொண்டு தவறுதலாக டிஃபால்ட் ரூட்டையே அழித்துவிட்டால் உங்கள் இணைப்பும் அத்தோடு அறுந்துவிடும். கோப்பு எதையும் தொடாமல் இருந்திருந்தால், கன்சோலிலிருந்து ஒரு ரீபூட் கொடுத்தாலே சர்வர் மீண்டும் கைக்கு வரும். ஆகவே முதலில் நினைவகத்தில் மட்டும் அழித்துச் சோதியுங்கள். கோப்பில் எழுதுவது அதற்குப் பிறகு.