இரத்தப் புற்றுநோய்: பெயர் ஒன்று, வகைகள் பல



'பிளட் கேன்சர்' என்று டாக்டர் சொன்னதுமே பல குடும்பங்கள் மனம் உடைந்து போகின்றன. "இன்னாருக்கும் இதுதான் வந்தது, மௌத்தாகிவிட்டார்; இனி கடன் வாங்கிச் செலவழித்து என்ன பயன்?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. அதில் ஒரு பிரிவான 'அக்யூட் மைலாய்டு லுக்கேமியா' (ஏ.எம்.எல்.) மட்டுமே பல வகைப்படும். வகைக்கேற்ப மருந்தும் மாறும், குணமாகும் வாய்ப்பும் மாறும்.

நோய் எப்படி உண்டாகிறது?

நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. ஏ.எம்.எல். நோயில், முதிர்ச்சியடையாத வெள்ளை அணுக்கள் அங்கே கட்டுப்பாடின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. அதனால் இரத்தசோகை, விடாத காய்ச்சல், பல் ஈறிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு, தோலில் ஊதாநிறப் புள்ளிகள் ஆகியவை தோன்றும். காய்ச்சலோடு தட்டணுக்களும் குறைவதால், தொடக்கத்தில் டெங்கு என்று எண்ணிவிடவும் வாய்ப்புண்டு.

எம்-0 முதல் எம்-7 வரை

1976-ல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்கள் சேர்ந்து, மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் தெரியும் விதத்தை வைத்து இந்நோயை வகைப்படுத்தினர். பின்னர் விரிவுபடுத்தப்பட்ட அந்தப் பட்டியலில் எம்-0 முதல் எம்-7 வரை எட்டு வகைகள் உள்ளன. எம்-4, எம்-5 வகைகளில் ஈறு வீங்குவதுண்டு. எம்-6 சிவப்பணுக்களின் மூல அணுக்களிலும், எம்-7 தட்டணுக்களின் மூல அணுக்களிலும் தோன்றுபவை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறு குழந்தைகளுக்கு வரும் எம்-7 வகை, சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது.

இவற்றில் எம்-3 வகையை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கடுமையான இரத்தக் கசிவால் முதல் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது இதுதான். ஏ.எம்.எல். வகைகளிலேயே மிக நன்றாகக் குணமாகக்கூடியதும் இதுதான். வைட்டமின் ஏ-யிலிருந்து உருவான 'ஏட்ரா' மருந்தும், ஆர்சனிக் ட்ரை ஆக்சைடும் இந்நோயின் வரலாற்றையே மாற்றின. இரண்டையும் இதற்கு முதலில் பயன்படுத்தியவர்கள் சீன மருத்துவர்கள். ஆர்சனிக் மருந்தை மட்டும் கொண்டே குறைந்த செலவில் குணப்படுத்த முடியும் என்பதை நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வுகளில் காட்டியது. எம்-3 என்ற சந்தேகம் வந்தாலே, மரபணுப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே ஏட்ரா தொடங்கப்படுகிறது. ஆகவே, 'நாளை பார்க்கலாம்' என்பதற்கு இங்கே இடமில்லை.

இன்றைய வகைப்பாடு

இன்று மருத்துவர்கள் அணுவின் தோற்றத்தைவிட மரபணு மாற்றத்தையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். 8, 21-ஆம் குரோமோசோம்கள் இடையே துண்டுகள் இடம் மாறியிருந்தாலோ, 16-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகியிருந்தாலோ கீமோதெரபி நன்கு பலனளிக்கும். எஃப்.எல்.டி.-3 மாற்றம் இருந்தால், அதற்கென உள்ள மாத்திரையைக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுப்பார்கள். டி.பி.-53 மாற்றம் கடினமான வகை. முன்பு வேறு புற்றுநோய்க்குக் கீமோ அல்லது கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குப் பின்னாளில் வரும் ஏ.எம்.எல். பெரும்பாலும் கடினமானதே. இத்தகையவர்களில் உடல் தாங்கக்கூடியவர்களுக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படும்.

குடும்பத்தார் கவனிக்க

1. "இது எந்த வகை? மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறருக்கு நடந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

2. தட்டணுக்கள் குறைந்த நோயாளிக்கு ஹிஜாமா செய்யாதீர்கள். இரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

3. தட்டணுக்களைச் சுமார் 5 நாட்களே சேமித்து வைக்க முடியும். சிகிச்சையின்போது பலமுறை தேவைப்படும் என்பதால், மஹல்லா இளைஞர்கள் முறை வைத்து வழங்குவது பேருதவி. மஜ்ஜை மாற்று தேவைப்படலாம் என்றால், நெருங்கிய இரத்த உறவினர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே இரத்தம் கொடுக்க வேண்டும்.

4. நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. டாக்டர் தடுத்தும் வற்புறுத்தி நோற்க வேண்டாம். களா, ஃபித்யா குறித்து ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. பணமில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி மருத்துவமனையில் விசாரியுங்கள். நமது அறக்கட்டளையையும் ஜமாஅத்தையும் உடனே அணுகுங்கள். வசதியுள்ளோர் தம் ஜகாத், ஸதகாவில் இத்தகைய ஏழை நோயாளிகளை நினைவில் கொள்ளுங்கள்.

நோயைத் தருபவனும் ஷிஃபா அளிப்பவனும் அல்லாஹ்வே. மருந்து தேடுவதும் நபிவழியே. துஆவையும் விடாமல், மருத்துவத்தையும் விடாமல் இருப்போம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.