உள்ளப் பிணியும் மருந்துப் பேழையும்

உடற்பிணி தீர்க்கும் மருத்துவர்க்குத் துணை நிற்பவை இரண்டு. ஒன்று, நோயின் காரணத்தைக் காட்டும் சோதனை. மற்றொன்று, அக்காரணத்தை நோக்கிச் செலுத்தப்பெறும் மருந்து. நுரையீரல் அழற்சியால் வருந்துவோரின் சளியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால், அதில் வளரும் கிருமி எது, அதனை அழிக்கும் மருந்து எது என்னும் விடை பெரும்பாலும் சில நாட்களில் வந்து சேரும். நீரிழிவுடையாரின் குருதியில் எத்துணைச் சர்க்கரை உள்ளது என்பதை ஒரு துளியே அறிவித்துவிடும். மருந்துகளோ மிகப் பல. பெனிசிலினைத் தொடர்ந்து வந்த கிருமிக்கொல்லிகளை மட்டும் எண்ணினாலும் பட்டியல் நீண்டுகொண்டே செல்லும்.

உளநோய் மருத்துவரின் பேழை அத்துணைப் பெரிதன்று. சித்தச் சிதைவைத் தணிப்பவை, மனச்சோர்வை நீக்குபவை, உணர்ச்சியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்பவை, அச்சத்தைக் குறைத்து உறக்கம் தருபவை, சிதறும் கவனத்தை ஒருமுகப்படுத்துபவை என்னும் ஐந்து வகையுள் அவருடைய மருந்துகளிற் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஒரே மருந்து பல நோய்களுக்கு உதவுவதும் உண்டு. மனச்சோர்வு மருந்து எனப் பெயர் பெற்றதே, காரணமற்ற பேரச்சத்திற்கும், கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவத் தூண்டும் எண்ணச் சுழற்சிக்கும் தரப்படுகின்றது. ஆகவே மருந்தின் பெயரைக் கொண்டு ஒருவரது நோயை உறுதிசெய்தல் ஆகாது. இன்ன மருந்து இன்னார்க்குப் பொருந்தும் என்று முன்னரே உறுதியாகக் கூறவல்ல குருதிச் சோதனையும் இல்லை. நோயாளியின் சொல்லைக் கேட்டும், உறக்கத்தையும் உணவையும் வினவியும், முகக்குறிப்பை வாரக்கணக்கில் நோக்கியுமே மருத்துவர் தெளிகின்றார்.

இச்சிறு பேழையுள் இருப்பவற்றுள்ளும் பல, பிறர் வீட்டிலிருந்து வந்தவை என்பதே வியப்பு. 1950-க்கு முன்னர்ப் பெரிதும் வழங்கிய புரோமைடு, குளோரல், பார்பிட்டுரேட்டு ஆகியவை நோயாளியை உறங்க வைத்தனவேயன்றி நோயைத் தணித்தனவல்ல. ஒவ்வாமை மருந்துகளை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலார் 1950-இல் குளோர்ப்புரோமசினை ஆக்கினர். கடற்படை அறுவை மருத்துவர் ஆன்றி லபோரி, அதனைப் பெற்ற நோயாளிகள் உறங்காமலே அமைதியுற்றிருத்தலைக் கண்டார். 1952-இல் பாரிசு நகரத்துச் செயின்ட் ஆன் மருத்துவமனையில் சித்தச் சிதைவுற்றோர்க்கு அதனைக் கொடுத்து டிலேயும் டெனிக்கரும் பயன் கண்டனர். அதே ஆண்டில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் தரப்பட்டபோது, சோர்ந்து கிடந்தோர் உற்சாகம் மிக்கு எழுந்து நடமாடினர். மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகின்றது. நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரின் சாரமும் குருதி அழுத்தத்திற்கு வழங்கியதே. 1954-இல் அமெரிக்க உளநோய் மருத்துவர் நேத்தன் கிளைன் அதனை மனநோயாளிகளிடம் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார்.

இவை எல்லாவற்றினும் லித்தியத்தின் வரலாறு விரிவாக அறியத்தக்கது. அது கல்லிலும் உவர்நீரிலும் கிடைக்கும் எளிய உலோகத்தின் உப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டுகளை வாட்டும் கீல்வாதத்திற்கு அதனை வழங்கினர். அந்நோய்க்குக் காரணமான யூரிக் அமிலத்தை அது கரைக்கும் என நம்பியதே அதற்குக் காரணம். ஆத்திரேலிய மருத்துவர் சான் கேடு, சிங்கப்பூரில் மூன்றாண்டுகளுக்கு மேல் போர்க் கைதியாக இருந்து மீண்டவர். மெல்போர்னை அடுத்த புந்தூரா மனநோய் மருத்துவமனையில், பயனற்றுக் கிடந்த சமையற்பண்ட அறையொன்றே அவருக்கு ஆய்வுக்கூடம் ஆயிற்று. வெறியுற்றோரின் சிறுநீரில் ஏதோ ஒரு நஞ்சு உளது என்று எண்ணிய அவர், யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காகவே லித்தியத்தைச் சேர்த்தார். அதனை ஏற்ற சீமைப்பெருச்சாளிகளோ மல்லாத்திக் கிடத்தினும் துள்ளாமல் அமைதியாக நோக்கிக் கிடந்தன. நஞ்சு பற்றிய அவர் கொள்கை பிழையே. கண்ட காட்சியைப் புறக்கணியாதிருந்ததே அவர் பெருமை.

1948-இல் ஐந்தாண்டுகளாக ஓயாத வெறியில் உழன்ற ஐம்பத்தோர் அகவையினர் ஒருவருக்கு அவர் லித்தியத்தைக் கொடுத்தார். சில வாரங்களில் அந்நோயாளி தெளிவுற்றார். சில மாதங்களில் இல்லம் திரும்பிப் பழைய வேலையிலும் அமர்ந்தார். ஆனால் நலம் பெற்றபின் மருந்தை விட்டார், வெறி மீண்டது. மீண்டும் மருத்துவமனை புகுந்த அவர், 1950-இல் லித்தியம் உடலில் மிகுந்தமையாலேயே உயிர் நீத்தார். அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவில் இதய நோயாளிகள் சிலர் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடை உண்டு மாண்டிருந்தனர். காக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி அத்துணைச் சிறிது! கேடும் அதன்மேல் நம்பிக்கை தளர்ந்தார். அவருடைய கட்டுரை 1949-இலேயே வெளிவந்திருந்தும், பலர் அதனைத் தொட அஞ்சினர்.

அச்சத்தைக் குறைத்தது அளவைக் கருவி. மெல்போர்னில் டிரவுட்னர் என்பார் 1951-இல் குருதியிலுள்ள லித்தியத்தை அளந்து, தீங்கின்றி மருந்து தரும் வழியைக் காட்டினார். தென்மார்க்கு நாட்டு மோகன்சு சூ 1954-இல் ஒப்புநோக்கும் ஆய்வால் அதன் பயனை நிறுவினார். அமெரிக்க அரசு 1970-இல் இசைவளித்தது.

இன்று லித்தியம் உண்போரின் குருதி, காலந்தோறும் சோதிக்கப்படுகின்றது. சிறுநீரகமும் தைராய்டு சுரப்பியும் உடன் நோக்கப்படுகின்றன. பெரும்பாலோர்க்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது பொருத்தமாகும், 1.5-ஐக் கடந்தால் வாந்தியும் நடுக்கமும் தள்ளாட்டமும் தோன்றலாம். கடும் வயிற்றுப்போக்கால் உடலின் நீர் வற்றினாலும் அளவு உயரக்கூடும். ஆதலால் அந்நிலையில் உடனே மருத்துவரை அணுகவேண்டும் என்று நோயாளிக்கும் வீட்டார்க்கும் முன்னரே சொல்லிவைக்கின்றனர்.

கடன் வாங்கும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. வலிப்பு நோய்க்கு வந்த வால்புரோயேட்டும் லாமோட்ரிசினும் லித்தியத்தின் அருகே இடம் பெற்றுள்ளன. உளநோய் மருத்துவமும் கடனைத் திருப்பி வருகின்றது: மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் உதவுகின்றது, குளோர்ப்புரோமசின் தீராத விக்கலை நிறுத்தத் தரப்படுகின்றது.