பல் உடைந்த சக்கரம் எது?

ஒருவரோ இருவரோ ஏறி அமர்ந்து, மோட்டார் சைக்கிளைப் போல் நீரின் மேல் ஓட்டிச் செல்லும் சிறு படகைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் 1968-இல் 'ஸீ-டூ' என்ற பெயரில் இத்தகைய படகை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஜப்பானின் கவாஸாகி 1973-இல் வெளியிட்ட 'ஜெட் ஸ்கீ' என்ற பெயரே பின்னர் எல்லாப் படகுகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

இதன் அடியிலுள்ள பம்பு நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி படகு முன்னே பாய்கிறது. பம்பின் தண்டு எஞ்சினின் தண்டோடு நேராக இணைக்கப்பட்டிருப்பதால், காரில் இருப்பது போன்ற கியர் பெட்டி இங்கே தேவையில்லை. அப்படியானால் பற்சக்கரங்களே இல்லையா? இருக்கின்றன. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரில் உண்டு; அதிர்வைத் தணிக்கும் சமன்தண்டில் உண்டு. சில எஞ்சின்களில் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சூப்பர்சார்ஜரும் பற்சக்கரத்தால்தான் சுழல்கிறது. தொல்லை மிகுந்தது இந்தக் கடைசி இடம்தான்.

ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் தொழிற்சாலை ஸீ-டூ படகுகளுக்காகச் செய்த 1494 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 8000 சுற்று சுழலும்போது சூப்பர்சார்ஜரின் விசிறிச் சக்கரம் சுமார் 45,000 சுற்று சுழல்கிறது, அதாவது 5.6 மடங்கு. படகு அலை மேல் துள்ளும்போது பம்பு நீரை இழக்கிறது. சுமை நீங்கிய எஞ்சின் சட்டென்று வேகமெடுக்கிறது. மறு நொடியில் படகு நீரில் விழ, சுமை திரும்ப வந்து வேகம் வீழ்கிறது. விசிறியோ தன் நிலைமத்தால் அதே வேகத்தில் சுழலவே முயல்கிறது. எஞ்சின் தண்டு உணரும் நிலைமத் திருப்புத்திறன், சுற்று விகிதத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். 5.6 × 5.6 என்பது ஏறக்குறைய 31. ஆக, உள்ளங்கையில் அடங்கும் விசிறி, 31 விசிறிகளின் பளுவோடு பற்களை மோதுகிறது!

இந்த அதிர்ச்சியைத் தாங்க, பற்சக்கரத்துக்கும் விசிறித் தண்டுக்கும் இடையே வழுக்கும் கிளட்ச் ஒன்றை வைத்தார்கள். தொடக்கத்தில் அதன் உராய்வு வளையங்கள் பீங்கான் வகைப் பொருளால் ஆனவை. அவை தேய்ந்தன, சில நொறுங்கின. துண்டுகள் எண்ணெயோடு கலந்து எஞ்சினுக்குள் சென்றன. பின்னர் எஃகு வளையங்கள் பொருத்தப்பட்டன.

இனி, எஞ்சினைப் பிரிக்காமலே கோளாறை எப்படி அறிவது என்று பார்ப்போம். முதல் கருவி காது. அனுபவமுள்ள மெக்கானிக் நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். உலோகத்திலிருந்து காற்றுக்குத் தாவும் எல்லையில் ஒலியின் பெரும்பகுதி திரும்பிவிடும். திருப்புளி அந்த எல்லையைத் தவிர்த்து ஒலியை நேரே கொண்டு வருகிறது. (சுழலும் பாகங்களின் அருகே நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

கணக்கு எளிதாக இருக்க, எஞ்சின் நிமிடத்திற்கு 1800 சுற்று, அதாவது வினாடிக்கு 30 சுற்று சுழல்கிறது என்க. அதன் தண்டில் 50 பற்கள் கொண்ட பெரிய சக்கரம். அதோடு பொருந்தும் சிறிய சக்கரத்தில் 10 பற்கள். வினாடிக்கு 30 × 50 = 1500 பற்கள் பொருந்துகின்றன. ஆகவே நல்ல நிலையிலும் 1500 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். பெரிய சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் வினாடிக்கு 30 தட்டல்கள். சிறிய சக்கரமோ வினாடிக்கு 150 முறை சுழல்கிறது. அதன் பல் உடைந்தால் 150 தட்டல்கள். எரிபொருள் வெடிக்கும் ஓசையை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பதால், மூன்று சிலிண்டருக்கு அது வினாடிக்கு 45. மூன்று எண்கள், மூன்று வேறு காரணங்கள்! அதிர்வெண்ணைப் பிரித்துக் காட்டும் செயலி இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

வேகத்தை மாற்றியும் பார்க்க வேண்டும். பற்சக்கர ஓசையின் அதிர்வெண் வேகத்தோடு சேர்ந்து ஏறும். தளர்ந்த தகடு ஒன்றின் கடகடப்போ, ஒத்ததிர்வால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் எழுந்து அடங்கிவிடும். முன்னது எஞ்சினுக்கு ஆபத்து; பின்னதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

இரண்டாவது சாட்சி எண்ணெய். அது பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அது வேறு நோய். வடிகட்டியை அறுத்து, மடிப்புகளை விரித்து, படிந்திருப்பதைக் காந்தத்தால் தடவுகிறார்கள். பற்சக்கரத்தின் எஃகுத் துகள் ஒட்டும். அலுமினியமும் வெண்கலமும் ஒட்டா. மாவு போன்ற மென்துகள் புது எஞ்சினில் இயல்பே. விரலில் நெருடும் செதிலைக் கண்டால் எஞ்சினை மீண்டும் ஓட்டக் கூடாது.

காந்தத்தை மட்டும் நம்பினால் ஏமாறவும் கூடும். பீங்கான் துண்டு எஃகைப் போன்ற காந்தப் பொருளன்று. காந்தம் சுத்தமாக வெளிவரும். ஆனால் தாங்கியின் இடுக்கில் அந்தக் கடினமான துண்டு மென்மையான உலோகத்தைக் கீறிக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் படலம் கிழிந்தால் சுழல்தண்டு இறுகிவிடும். கரைக்கு வெகுதூரத்தில் எஞ்சின் நின்றுபோனால் ஓட்டுபவரின் கதி என்ன?

ஆகவே இத்தகைய பழைய எஞ்சின் முன்பு போல் முழு வேகத்தை எட்டவில்லை என்றால், கிளட்ச் வழுக்குகிறதா என்பதை முதலில் பார்க்கிறார்கள். சூப்பர்சார்ஜரைக் கழற்றி, பற்சக்கரத்தை அசையாமல் பிடித்து, முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் தண்டைத் திருப்புகிறார்கள். குறித்த அளவுக்கு முன்பே வழுக்கினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. வளையம் உடைந்திருந்தால், துண்டுகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தின் மேல் வட்டமாக அடுக்கிப் பார்ப்பார்கள். வட்டத்தில் ஓர் இடைவெளி விழுந்தால், அந்தத் துண்டு இன்னும் எஞ்சினுக்குள்தான் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியையும் திறந்து தேட வேண்டியதுதான்.