மார்க்கை ஓரமாக வை

கார்டன் ரீச், கொல்கத்தா

அன்புள்ள கதிருக்கு,

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். நடை உனக்கு நன்றாக வருகிறது. ஆனால் எந்தப் படமானாலும் முதல் வரியிலேயே ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடுகிறாய். பிறகு எழுதுவதெல்லாம் அந்த மார்க்குக்கு வக்காலத்து வாங்குவதாகவே போய்விடுகிறது.

'கொட்டுக்காளி'க்கு இரண்டு மார்க். கதை நகரவில்லை, ஆட்டோதான் நகர்கிறது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். ஆனால் படம் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? இசை இல்லாததால்தான் ஆட்டோவின் உறுமலும், கட்டிப்போட்ட சேவலின் தவிப்பும், சூரியின் கரகரத்த தொண்டையும், அன்னா பென் வாய் திறக்காமல் இருப்பதும் அவ்வளவு பெரிதாகக் கேட்கின்றன. சலிப்புத் தட்டியதா? அதையும் தாராளமாக எழுது. எந்த இடத்தில் தட்டியது, அப்போது திரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுது.

நான் இதைச் சொல்வதற்கு இந்தப் பேட்டையும் ஒரு காரணம். ரயில்வே உத்தியோகத்துக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். பக்கத்தில் மெட்டியாபுருஸ், இன்று பார்த்தால் சந்துக்குச் சந்து தையல் பட்டறை. ஆங்கிலேயர் 1856இல் அவத் ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டதும் நவாப் வாஜித் அலி ஷா வந்து சேர்ந்த இடம் இதுதான். 1887இல் இங்கேயே இறந்தார். சிப்தைனாபாத் இமாம்பாடாவில் அவர் அடக்கமான இடத்தை இன்றும் பார்க்கலாம். பாட்டிலும் ஆட்டத்திலும் நாட்டைத் தொலைத்தவர் என்று ஒரே வரியில் அவர் கணக்கை முடிப்பவர்கள்தான் அதிகம்.

சத்யஜித் ராய் அப்படி முடிக்கவில்லை. 1977இல் வந்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி'யில் அந்த வேடத்தை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? 'ஷோலே'யில் கப்பர் சிங்காக வந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த அம்ஜத் கானுக்கு! ஊரையே மிரட்டிய அந்த ஆள் இதில் கிரீடத்தைக் கழற்றி ஆங்கிலேய அதிகாரியிடம் நீட்டுகிறார். கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்கிறார். அது கோழைத்தனமா ரோஷமா என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. பிரேம்சந்தின் மூலக்கதையில் சதுரங்கம் ஆடும் பிரபுக்கள் இருவரும் வாளெடுத்து ஒருவரையொருவர் வெட்டிச் சாய்கிறார்கள். ராய் அவர்களைச் சாகவிடாமல் மறுபடி ஆட உட்காரவைக்கிறார். செத்திருந்தால் நமக்கு ஒரு தீர்ப்பாவது கிடைத்திருக்கும். இந்தப் படத்துக்கு நீ எத்தனை மார்க் போடுவாய்?

'மெய்யழகன்' பற்றி எழுதியதில் அந்த சைக்கிள் பத்தி அருமை. ஊரைவிட்டுப் போகிறவன் விட்டுவிட்டுப் போன ஒரு சைக்கிள், இன்னொரு வீட்டையே நிமிர்த்தியதைப் பார்த்ததும் உன் அப்பாவின் ஞாபகம் வந்தது என்று எழுதினாயே, அங்கேதான் உன்னைப் பார்த்தேன். மற்ற பத்திகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொன்று: அந்தப் படத்தை வெளியான பிறகு ஏறக்குறைய 18 நிமிடம் குறைத்தார்கள். நீ பார்த்தது எது என்று சொல்ல வேண்டாமா? (படத்தில் வரும் ராத்திரிப் பேச்சு எனக்கும் கொஞ்சம் நீளம்தான்.)

படம் பார்த்த அன்றே எழுத உட்காராதே. ஒரு வாரம் போகட்டும். மற்றவர்கள் எழுதியதை அதுவரை தொடாதே. வாரம் கழித்தும் எது மனதில் நிற்கிறதோ அதிலிருந்து ஆரம்பி. கதைச் சுருக்கம் எனக்கு வேண்டாம்.

அடுத்து 'வாழை' பற்றி எழுதி அனுப்பு. 'கொட்டுக்காளி' வந்த அதே 2024 ஆகஸ்ட் 23இல்தான் அதுவும் வந்தது. அதற்காக எது பெரியது என்று பட்டிமன்றம் வைத்துவிடாதே. 'வாழை'யில் வரும் பையனின் பசியைப் பற்றி எழுது. உன் பெரியம்மாவால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து போய்விட்டாள். நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் பெரியப்பா