பிளாடர் ஸ்கேனர் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு மணி நேரமாகியும் நோயாளி சிறுநீர் கழிக்கவில்லை. உடனே கதீட்டர் ட்ரேயைத் தேடாதீர்கள். முதலில் அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேனரை வையுங்கள். கதீட்டர் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வழி திறக்கிறது. மருத்துவமனையில் வந்து ஒட்டிக்கொள்ளும் தொற்றுகளில் கதீட்டரால் வரும் சிறுநீர்த் தொற்றுக்கு முன்வரிசை இடம். ஸ்கேனரின் முதல் பயனே, தேவையில்லாத கதீட்டரைத் தவிர்ப்பதுதான்.

அதற்கு அது காட்டும் எண் சரியாக இருக்க வேண்டும். ஸ்கேனர் சிறுநீரை நேரடியாக அளப்பதில்லை. ஒலி அலைகளை அனுப்பி, சிறுநீர்ப்பையின் சுவர் எங்கே என்று பார்த்து, உள்ளே எவ்வளவு இருக்கலாம் என்று கணிக்கிறது. ஸ்கேன் அறையில் உள்ள பெரிய கருவியிலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 0.52 ஆல் பெருக்குவதே வழக்கம். பை முட்டை வடிவில் இருக்கும் என்ற அனுமானத்தில் வந்த கணக்கு அது. எல்லோருடைய பையும் அப்படி இருப்பதில்லை. 15 சதவீதம் முன்பின் என்று வைத்தால்கூட, திரையில் தெரியும் 400 உண்மையில் 340 ஆகவும் இருக்கலாம், 460 ஆகவும் இருக்கலாம். 40க்கும் 46க்கும் உள்ள வித்தியாசம் யாரையும் பாதிக்காது. கதீட்டர் போடுவதா வேண்டாமா என்ற எல்லைக்கோட்டில் நிற்கும் எண்தான் கவனம் கேட்கும்.

கருவிக்குத் தெரிவது திரவம் மட்டுமே. அது சிறுநீரா, வேறு நீரா என்று பிரித்துச் சொல்லாது. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவருக்கும், சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி உள்ளவருக்கும் காலிப் பையை 500 மில்லி என்று காட்டிவிடலாம். பிரசவமான பெண்ணுக்குக் கர்ப்பப்பை இன்னும் பெரிதாக இருப்பதால் எண் தடுமாறும். பையில் ரத்தக்கட்டி இருந்தாலும், வயிற்றில் தடித்த தழும்போ அதிகக் கொழுப்போ இருந்தாலும் அப்படித்தான். ஆண், பெண் என்று தேர்வு செய்யும் பட்டனையும் பாருங்கள். கர்ப்பப்பைக்கு இடம் ஒதுக்கிக் கணக்கிடுவதற்காக அது இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்ட அம்மாவுக்குப் பொதுவாக ஆண் அமைப்பில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். உங்கள் கருவியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். அடிவயிற்றின் நடுவில், முன்பக்க இடுப்பெலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி ப்ரோபை வைத்து, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். ஜெல்லில் கஞ்சத்தனம் வேண்டாம்; நடுவே காற்று புகுந்தால் படம் கெடும். சிறுநீர்ப்பையாகத் தெரியும் கறுப்புப் பகுதி முழுதும் திரைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், ஓரம் வெளியே போனால் எண் குறைந்துவிடும். மூன்று முறை எடுத்து மூன்றும் விலகி விலகி நின்றால், இடம் சரியில்லை என்று பொருள்.

சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும்போது நேரம்தான் எல்லாம். கழித்த பத்து நிமிடத்துக்குள் ஸ்கேன் முடிந்துவிட வேண்டும். ஃப்ரூஸமைட் ஊசி போட்டவருக்கு அரை மணி கழித்துப் பார்த்து "மிச்சம் 200" என்று எழுதினால், அதில் பெரும்பகுதி இடையில் புதிதாகச் சுரந்தது. இன்னொன்றை வார்டுகளில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பக்கத்துப் படுக்கைக்கு வந்தவர்கள் நின்றுகொண்டிருக்க, பெட்பேனில் உட்காரவைத்த பாட்டிக்குப் பாதிகூட வராது. அந்த மிச்சத்துக்குக் காரணம் கூச்சம், பையைக் குறை சொல்ல முடியாது. முடிந்தவரைக் கழிப்பறைக்கே அழைத்துப் போங்கள், முடியாவிட்டால் திரையையாவது இழுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த அளவை வைத்து ஒருவருக்குக் கதீட்டர் போடுவது அநியாயம்.

மிச்சம் 50 மில்லிக்குக் கீழ் என்றால் நிம்மதி. வயதானவர்களுக்கு 100 வரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். 200ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒரே ஒரு அளவை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. நரம்புக் கோளாறு இல்லாதவர்களின் நாள்பட்ட தேக்கத்துக்கு அமெரிக்க யூரோலஜி சங்கம் வகுத்த வரையறையே, 300 மில்லிக்கு மேல் ஆறு மாதமாவது நீடித்து, இரண்டு முறையாவது அளந்து பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது.

எண்ணும் நோயாளியும் முரண்பட்டால் நோயாளியின் பக்கம் நில்லுங்கள். அடிவயிறு கல்லாக இறுகி அவர் துடிக்கும்போது திரை 60 என்றால், ப்ரோபை நகர்த்தி மறுபடி பாருங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் தயங்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கதீட்டர் இருந்தும் யூரின் பேக் காலியாகவே இருந்தால் ஸ்கேனர் பெரிய துணை. சிறுநீர்ப்பையில் 300 காட்டினால் டியூப் அடைத்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் சிறுநீர் சுரப்பதே குறைந்திருக்கலாம், டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும்.

சார்ட்டில் வெறும் எண்ணை எழுதாதீர்கள். "மாலை 4.10க்கு 180 மில்லி கழித்தார், 4.16க்கு ஸ்கேன், மூன்று முறை, அதிகபட்சம் 240, வலி இல்லை" என்று எழுதினால், டூட்டி டாக்டர் போனிலேயே முடிவெடுக்க முடியும். கதீட்டர் போட நேர்ந்தால் வடிந்த அளவையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பல நோயாளிகளிடம் ஸ்கேன் எண்ணுக்கும் வடிந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பக்கமாக விழுந்துகொண்டே இருந்தால், அந்தக் குறிப்புகளோடு பயோமெடிக்கல் பிரிவுக்கு எழுதிக்கொடுத்துக் கருவியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.